பழைய காரின் கியர்பாக்ஸும் கிளட்ச்சும்: கேள்விகளும் பதில்களும்

பழைய கார்களைப் புதுப்பிக்கும் நண்பர்கள் கேட்டவற்றில் கியர்பாக்ஸ், கிளட்ச் தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கியர்பாக்ஸ் மீது சொல்லப்படும் குற்றச்சாட்டுகள் பலவற்றுக்கும் உண்மையான குற்றவாளி கிளட்ச்சாகவே இருப்பதால், எதையும் கழற்றுவதற்கு முன் செய்துபார்க்க வேண்டிய சோதனைகளுக்கே பதில்களில் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வண்டி நிற்கும்போது முதல் கியரோ ரிவர்ஸோ போட்டால் கரகரவென்று பற்கள் அரைபடுகின்றன. ஓடும்போது மற்ற கியர்கள் ஒழுங்காக விழுகின்றன. கியர்பாக்ஸைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச் பெடலை முழுவதும் அழுத்திப் பத்து விநாடி காத்திருந்து, பிறகு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போது சத்தமின்றி விழுந்தால், நீங்கள் இதுவரை அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்பதைத் தவிர வேறு குறையில்லை. அப்போதும் அரைபட்டால், பெடலை அழுத்திய பிறகும் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுசெல்லும் கிளட்ச் பிளேட் எஞ்சினோடு சேர்ந்து இழுபட்டுச் சுழல்கிறது என்று பொருள்.

அதற்கான காரணத்தை வண்டிக்கு வெளியிலிருந்து தேடத் தொடங்குங்கள். பெடலிலிருந்து, கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் ஃபோர்க் வரை உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் பின் செல்லும் துளையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும். ஓர் இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் பெரிதாகத் தெரியாது. ஆனால் நான்கு இணைப்புகளின் தேய்மானம் ஒன்றுசேரும்போது, பெடல் தரையைத் தொட்டும் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் போதிய அளவு விலகாது. துளைகளுக்குப் புஷ் போட்டு, புதிய பின்களை மாட்டினாலே பல வண்டிகள் குணமடைந்துவிடும். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் சிலிண்டர்களில் கசிவும் குழாயில் காற்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் பைலட் புஷ் காய்ந்து ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி ஷாஃப்டின் வரிப்பற்களில் துருவேறி நகராமல் இருக்கலாம். அப்போதுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

கேள்வி: பல ஆண்டுகள் நிறுத்திவைத்திருந்த வண்டியில் கிளட்ச் பிளேட் பிளைவீலோடு (எஞ்சினின் கனமான சுழல் சக்கரத்தோடு) ஒட்டிக்கொண்டுவிட்டது. கழற்றாமல் விடுவிக்க வழியுண்டா?

பெரும்பாலும் உண்டு. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு நிறுத்துங்கள். பிரேக் சரியாக வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொண்டு, முன்னால் தடையில்லாத வெட்டவெளியில், இரண்டாம் கியரில் பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்து வண்டியை நகர்த்துங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் மாற்றிமாற்றிக் குலுக்கினால் துருப்பிடிப்பு விட்டுவிடும். பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவைத்து இதைச் செய்வது ஆபத்தானது; வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துவிடும்.

கேள்வி: புதிய கிளட்ச் பிளேட் மாட்டிய பிறகும் வண்டி புறப்படும்போது உதறுகிறது. பிளேட்டில் குறையா?

பிளேட்டின் மேல் பழி போடுவதற்கு முன் எஞ்சின் மவுண்டுகளைப் பாருங்கள். ரப்பர் எண்ணெயில் ஊறி நொந்துபோயிருந்தால், கிளட்ச் பிடிக்கும் கணத்தில் எஞ்சினே முன்னும்பின்னும் ஆடும். அந்த ஆட்டம் பெடலுக்குத் திரும்பி வந்து, கிளட்ச் விட்டுவிட்டுப் பிடிக்கும்.

அடுத்தது எண்ணெய். பழைய எஞ்சின்கள் பலவற்றில் பின்புற மெயின் பேரிங்குக்கு இன்றைய உதட்டு சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகுவரி எண்ணெயைத் திருப்பி அனுப்பும், அல்லது கயிறு போன்ற சீல் இருக்கும். அங்கிருந்து இரண்டு சொட்டு, பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங்கில் விழுந்தாலும் உதறல் வந்துவிடும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயன்படுத்தலாம் என்பவர்களை நம்பாதீர்கள். சூடானதும் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே கசியும்.

மூன்றாவது, பிளைவீலின் முகம். நீலம் பூத்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தால் கடைசல் பிடிக்க வேண்டும். கவர் பொருந்தும் விளிம்பு தனிப்படியாக இருக்கும் பிளைவீலில், உராய்வு முகத்தில் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவையே அந்தப் படியிலும் எடுக்க வேண்டும். இதை மறந்தால் ஸ்பிரிங்குகளின் அழுத்தம் குறைந்து, உதறிய கிளட்ச் வழுக்கும் கிளட்ச்சாக மாறிவிடும். சுருள் ஸ்பிரிங்குகளும் மூன்று விரல்களும் கொண்ட பிரஷர் பிளேட்டில் விரல் நுனிகளின் உயரத்தை டயல் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், பிளேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிடிக்கும்.

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது வழக்கம். கிளட்ச்சை மூடியிருக்கும் மணி வடிவ உறைக்குள் படிந்த தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். தகுந்த முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: நியூட்ரலில் உறுமல் சத்தம் கேட்கிறது; பெடலை அழுத்தினால் நின்றுவிடுகிறது.

கியர்பாக்ஸின் முன் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (உள்ளே இணையாகச் சுழலும் துணைத் தண்டு) பேரிங். பெடலை அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் அல்லது பைலட் புஷ்.

கேள்வி: இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் மூன்றாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஸ்பிரிங் மாற்றினால் போதும் என்கிறார்கள்.

கியரைத் தேர்ந்து நகர்த்தும் செலக்டர் தண்டைப் பிடித்துவைக்கும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் மலிவானவை, முதலில் மாற்றிப்பார்க்கத் தகுந்தவை. (அந்தக் குண்டு தெறிக்கும் என்று அறியாமல் முதன்முதலாகக் கழற்றிய நான், இரண்டு நாள் பட்டறைத் தரையில் தவழ்ந்தேன். துளையின் மேல் துணியைப் போட்டுக்கொண்டு கழற்றுங்கள்.) ஆனால் ஸ்பிரிங் என்பது கியரை இடத்தில் வைத்திருக்கும் வேலையில் உதவியாள் மட்டுமே, உண்மையான பிடி, கியரோடு கோக்கும் கொக்கிப்பற்களில் இருக்கிறது. கியர் போடும்போதெல்லாம் அரைபட்டு அப்பற்களின் முனைகள் உருண்டுவிட்டால், சுமையின் திசை மாறும் கணத்தில் அவை ஒன்றையொன்று வெளியே தள்ளும். மெயின் ஷாஃப்டின் நீளவாக்கு ஆட்டமும், தேய்ந்த செலக்டர் ஃபோர்க்கும் இதற்குத் துணைபோகும். மேல் மூடியைத் திறந்து, கியரைப் போட்டு, கொக்கிப்பற்கள் முழு நீளத்துக்கும் கோக்கின்றனவா என்று பாருங்கள். பாதிதான் கோத்திருக்கிறது, பற்களின் முனை கூர்மையாக இருக்கிறது என்றால் குறை ஃபோர்க்கிலோ லீவரிலோ இருக்கிறது. முழுதும் கோத்தும் கழல்கிறது என்றால் பற்கள் தேய்ந்துவிட்டன; ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

கேள்வி: ஜி.எல்.-5 ஆயில் உயர்தரமானது என்று ஊற்றிவிட்டேன். தவறா?

எண் பெரிதாக இருந்தால் தரம் பெரிது என்று எண்ணுவது இயல்புதான். ஜி.எல்.-5 என்ற கியர் ஆயில் வகை, சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத்தரும் டிஃபரன்ஷியலில் உள்ள ஹைபாயிட் கியர்களின் கடும் உரசலைத் தாங்க உருவானது. அதில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துப்பொருள்கள் ஜி.எல்.-4 ஆயிலில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். அவை உலோகப் பரப்பில் ஒரு மென்படலத்தை உண்டாக்கும். எஃகுக்கு அது கவசம், கியர் மாறும்போது வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கும் வெண்கல புஷ்ஷுக்கும் அது அரிப்பு. வடித்த ஆயிலில் பொன்னிறத் துகள் மின்னினால் அரிப்போ தேய்மானமோ தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். வடிகுழாய்த் திருகில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல்நிறப் பசை படிவது இயல்பு. செதில்கள் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மஞ்சள் உலோகத்துக்குப் பாதகமில்லை என்று தெளிவாகச் சொல்லப்பட்ட ஆயில் தவிர மற்றதை வடித்துவிடுங்கள்.

வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. மாரிஸ் மைனர் 1000 போன்ற கார்களின் கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயிலே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதில் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் குளிர்ந்த நிலையில் கியர் மாற்றுவது மல்யுத்தமாகிவிடும்.

கேள்வி: என்னுடையது 1920-களின் கார். எப்படி மாற்றினாலும் கியர் சத்தமிடுகிறது.

சிங்க்ரோ ஏற்பாட்டை காடிலாக் அறிமுகப்படுத்தியது 1928-ல்தான். உங்கள் பெட்டியில் அது இருக்க வாய்ப்பில்லை. இரட்டை கிளட்ச் முறையில் ஓட்ட வேண்டும். மேல் கியருக்குப் போகும்போது நியூட்ரலில் ஒருமுறை பெடலை விட்டு, மீண்டும் அழுத்தி, பிறகு கியரைச் சேருங்கள். கீழ் கியருக்கு வரும்போது நியூட்ரலில் பெடலை விட்ட நிலையில் ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி வேகத்தை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கியரில் பல் உடைந்துவிட்டது, மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. வெல்டிங் வைக்கலாமா?

மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகில் வெல்டிங் வைத்தால் சுற்றியுள்ள பற்களின் கடினமும் போய்விடும். புதிதாக வெட்டிக்கொள்வதே முறை, அதுவும் இணையாக ஓடும் இரண்டையும் சேர்த்து. பழைய ஆங்கில, அமெரிக்கக் கார்களில் பல்லளவு அங்குலக் கணக்கில் இருக்கும். நேர்ப்பல் கியரில் 30 பற்களும் 4 அங்குல வெளி விட்டமும் இருந்தால், பற்களோடு 2-ஐக் கூட்டி, 32-ஐ 4-ஆல் வகுக்க, பல்லளவைக் குறிக்கும் டயமெட்ரல் பிட்ச் 8. பல்லளவை மில்லிமீட்டரில் சொல்லும் மாட்யூல் கணக்கில் 3.175. பட்டறைக்காரர் 3.25 கட்டர்தான் இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கணக்கு முழு எண்ணாக வராவிட்டால், அக்காலப் பெட்டிகளில் பரவலாக இருந்த குட்டைப்பல் வகையாக இருக்கலாம். உடையாத கியரையே மாதிரியாகக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்தது, கியர்பாக்ஸ் மட்டும் எஞ்சினோடு சேர மறுக்கிறது. போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாமா?

கூடாது. பிளேட் மையத்தில் இல்லை என்பதே காரணம். பழைய முன் ஷாஃப்ட் ஒன்றை பைலட் புஷ் வரை செருகிப் பிளேட்டை மையப்படுத்தி, கவர் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிதுசிறிதாக இறுக்குங்கள். தலை வெட்டிய இரண்டு நீள போல்ட்டுகளை எஞ்சினில் வழிகாட்டியாகத் திருகிவைத்தால், பெட்டியின் எடை அவற்றின்மேல் அமர்ந்து வழுக்கிச் செல்லும். பாதி நுழைந்த நிலையில் கையை விட்டு, பெட்டியை ஷாஃப்டின் மேல் தொங்கவிட்டால் புதிய பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். முதல் கேள்வியில் சொன்ன கரகரப்பு அன்றே தொடங்கும். கடைசி ஓர் அங்குலத்தில் நின்றுவிட்டால், கியரைப் போட்டுவைத்து, பின்பக்க ஃபிளாஞ்சைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். வரிப்பற்கள் பொருந்தும் கணத்தில் பெட்டி தானாக உள்ளே போகும்.