ஓராண்டு மொரிஷியஸ் வாசம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எபேன் நகரில் ஒரு கணினி நிறுவனத்தில் ஓராண்டு ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 20 அல்லது அக்டோபர் 10, இரண்டில் ஒரு நாளில் புறப்படலாம் என்கிறார்கள். ஊரில் வீட்டுக் கடன் இருக்கிறது. மனைவியும் தாயாரும் ஊரிலேயே இருப்பார்கள். பணத்தை எப்படி ஒழுங்கு செய்வது?
- திருச்சி வாசகர்

பதில்: தயங்காமல் செப்டம்பர் 20ஆம் தேதியைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், புறப்படும் நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் தங்கியிருந்தால், அந்த ஆண்டுக்கு அவர் வெளிநாடுவாழ் இந்தியராகவே கருதப்படுவார். இங்கே மொரிஷியஸில் உழைத்து இங்கேயே பெறும் சம்பளத்துக்கு அந்த ஆண்டில் இந்தியாவில் வரி கிடையாது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 20 வரை 173 நாட்கள் ஆகின்றன. அக்டோபர் 10 வரை இருந்தால் 193 ஆகிவிடும். செப்டம்பரில் வந்துவிட்டாலும், பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள் என்பதை மறக்க வேண்டாம். அந்தப் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவையுங்கள்.

சம்பளம் முதலில் இங்குள்ள வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். நேராகத் திருச்சிக் கணக்கில் செலுத்தச் சொன்னால், அது இந்தியாவில் பெற்ற வருமானமாகி வரிக்கு உட்படும். ஊர் திரும்பும் இரண்டாவது நிதியாண்டில் நீங்கள் மீண்டும் உள்நாட்டுவாசி ஆகிவிடுவதால், ஏப்ரலுக்குப் பின் இங்கே ஈட்டியதையும் அங்கே கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே பிடித்த வரியை அங்கே கழித்துக்கொள்ள, அதற்கான சான்றைக் கிளம்புமுன் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் ஆடிட்டரிடம் இப்போதே ஒருமுறை பேசிவிடுவதும் நல்லது.

ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் தம் உள்நாட்டு வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். ஓராண்டுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்; சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக ஒரு என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் ஈட்டியதைப் போட்டுவைக்கும் கணக்கு) தொடங்கி, கடன் தவணையை அதிலிருந்தே பிடிக்கச் சொல்லலாம். குடும்பச் செலவு உங்கள் மனைவியின் பெயரிலுள்ள கணக்கிலிருந்து நடக்கட்டும். உங்கள் கைப்பேசிக்கு ரகசிய எண் வந்தால்தான் வீட்டில் அரிசி வாங்க முடியும் என்ற நிலையில் அவர்களை வைக்காதீர்கள். மூன்று மாதத் தவணைப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்தால், இங்கே முதல் சம்பளம் தாமதமானாலும் கவலை இராது. கையில் ஆறு வாரச் செலவுக்கு டாலரோ யூரோவோ கொண்டுவாருங்கள். நோட்டாக 3,000 டாலர் மதிப்புக்கு மேல் எடுத்துவர அனுமதியில்லை, மீதியை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு மொரிஷியஸ் ரூபாய் கிட்டத்தட்ட இரண்டு இந்திய ரூபாய் என்பதை நினைவில் வைத்து வாடகை பேசுங்கள்.

கேள்வி: ஓராண்டுப் படிப்புக்காக என் மகள் ரெதுயிப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறாள். கியூர்பிப்பில் தங்குவாள். மிக்சி, மளிகை, மருந்து கொடுத்தனுப்பலாமா?
- மதுரை வாசகி

பதில்: மிக்சி இங்கே ஓடும், மின்னழுத்தம் இந்தியாவில் உள்ளதுபோல் 230 வோல்ட்தான். ஆனால் சுவரில் இருப்பது பிரிட்டிஷ் பாணிச் சதுர முனைத் துளைகளோ பிரெஞ்சுப் பாணி இரு துளைகளோ என்பதால், நம் மூன்று உருண்டை முனைப் பிளக் பொருந்தாது. அடாப்டரை இங்கே வாங்கிக்கொள்ளலாம். பருப்பு, மசாலா, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை எல்லாம் இங்குள்ள சந்தைகளில் கிடைக்கின்றன. பச்சை இலைகளையும் விதைகளையும் பெட்டியில் வைக்கவே வேண்டாம், அவற்றுக்கு முன் அனுமதி தேவை.

மருந்து விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும், அம்மா. வலி மாத்திரைகளிலும் தூக்க மாத்திரைகளிலும் சில இங்கே கடும் கட்டுப்பாட்டில் உள்ளன. மருத்துவரின் சீட்டில்லாமல், அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகளாக எதையும் அனுப்பாதீர்கள். அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்பும் பொட்டலத்தை அவள் வாங்கவே கூடாது.

கியூர்பிப் மேட்டுநிலம், மழை அதிகம், ஜூலை ஆகஸ்டில் இரவுக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. போர்ட் லூயிஸ் வெயிலுக்குப் பருத்தி ஆடைகள் போதும். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை என்பதால் ஒரு நல்ல புடவையும் இருக்கட்டும். நவம்பரிலிருந்து புயல் பருவம் தொடங்கிவிடும். சான்றிதழ்களை நீர் புகாத உறையில் போட்டு, கைப்பையிலேயே ஒரு டார்ச் விளக்கோடு வைத்தனுப்புங்கள்.