வெறும் 15,000 டாலரில் எடுத்த திகில் படம் ஓடுகிறதே, அதே செலவில் நாமும் ஒன்று எடுக்கலாமா?

கேள்வியில் நீங்கள் குறிப்பிடும் கணக்கு 'ஸ்கினாமரிங்க்' படத்துடையது. 15,000 டாலர் செலவு, 20 இலட்சம் டாலருக்கு மேல் வசூல். நம் பணத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று இலட்சம் ரூபாய்தானே, ஒரு கார் வாங்கும் காசில் படமே எடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஊரில் பூட்டிக் கிடக்கும் தாத்தா வீடு ஒன்றும், கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவரும், நடிக்க ஆசைப்படும் அலுவலகத் தோழர்கள் இரண்டு மூன்று பேரும் உங்களுக்கு வாய்த்திருக்கிறார்கள் என்று நானே ஊகித்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இவை இருக்கின்றன.

எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் அந்த 15,000 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதில் யாருடைய உழைப்பெல்லாம் சேரவில்லை என்று பார்க்காமல் இறங்கினால், உங்கள் நண்பர்களில் ஒருவர் என் நிலைக்கு வந்துவிடுவார். நான் படங்களுக்கு ஒலி அமைக்கும் தொழிலில் இருப்பவன். குறைந்த செலவில் எடுத்ததாகப் பெருமை பேசப்பட்ட ஒரு திகில் படத்தின் செலவுக் கணக்கில் விடுபட்டுப் போனவன்.

முதலில் 'ஸ்கினாமரிங்க்' கதையையே எடுத்துக்கொள்வோம். இயக்குநர் கைல் எட்வர்ட் பால் அதை 2021-இல் கனடாவின் எட்மண்டன் நகரில், தான் சிறுவனாக வளர்ந்த வீட்டிலேயே, ஒரு வாரத்தில் எடுத்தார். வீட்டுக்கு வாடகை இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடும் பழைய கார்ட்டூன்கள் காப்புரிமைக் காலம் முடிந்தவை என்பதால் அவற்றுக்கும் காசில்லை. மனித முகங்களை ஏறக்குறைய காட்டாமல், தரையையும் கூரையையும் கதவு நிலையையுமே காட்டிக்கொண்டிருப்பதால் நடிகர்களின் நாட்களும் குறைந்தன. இதெல்லாம் கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு பல ஆண்டுகளாக அவர் யூடியூபில் ஓர் அலைவரிசை நடத்தி, பார்வையாளர்கள் எழுதி அனுப்பிய கெட்ட கனவுகளைச் சிறு காணொளிகளாக எடுத்துப் பழகியிருந்தார். 2020-இல் 'ஹெக்' என்ற குறும்படத்தில் இதே பாணியைச் சோதித்தும் பார்த்துவிட்டார். அந்தப் பயிற்சிக் காலம் 15,000 டாலருக்குள் வராது. படம் 2022-இல் மான்ட்ரியாலின் ஃபான்டேசியா விழாவில் திரையிடப்பட்டது. பிறகு இணையத்தில் திருட்டுத்தனமாகக் கசிந்து, டிக்டாக்கில் பேச்சாகி, 2023 ஜனவரியில் ஐ.எஃப்.சி. மிட்நைட் நிறுவனத்தின் மூலம் திரையரங்குகளுக்கு வந்தது. வெளியிட்ட நிறுவனத்தின் செலவும் அந்த எண்ணில் இல்லை.

இந்த வகைப் படங்களின் செலவுக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. 1999-இல் வந்த 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' சில பத்தாயிரம் டாலரில் எடுக்கப்பட்டது என்பதை எல்லோரும் சொல்வார்கள். சன்டான்ஸ் விழாவில் அதை வாங்கிய ஆர்ட்டிசன் நிறுவனம் விளம்பரத்துக்குக் கோடி டாலர்களில் செலவழித்ததைச் சொல்லமாட்டார்கள். அந்தப் படத்தில் காட்டுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் நடிகர்களே. வசனத்தையும் பெருமளவு அவர்களே அந்தந்த நேரத்தில் பேசினார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2024-இல், அந்த மூன்று நடிகர்களும் படத்தின் உரிமையை இப்போது வைத்திருக்கும் லயன்ஸ்கேட் நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதித் தங்களுக்குரிய பங்கைக் கேட்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்த படம் அது.

புதிய வெளியீடுகளுக்கு வருகிறேன். 2025 அக்டோபரில் வந்த 'குட் பாய்' படத்தில் கதாநாயகன் ஒரு நாய். இயக்குநர் பென் லியோன்பெர்கின் சொந்த வளர்ப்பு நாயான இண்டிதான் அது. எழுபது நிமிடத்தைச் சற்றே தாண்டும் அந்தப் படத்துக்கு, கணவனும் மனைவியுமாகத் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய நானூறு நாள் படப்பிடிப்பு நடத்தினார்கள். நாய் நாளொன்றுக்குச் சிறிது நேரம்தான் ஒத்துழைக்கும். அது எப்போது எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும் என்று காத்திருந்து எடுக்க வேண்டும். நானூறு நாளுக்கு இரண்டு பேருக்குத் தினக்கூலி போட்டால்கூட 'குறைந்த செலவு' என்ற சொல் நிற்குமா என்று நீங்களே சொல்லுங்கள். தன் சொந்த உழைப்பை ஒருவர் இலவசமாகப் போடுவது அவர் உரிமை, அதை நான் வணங்குகிறேன். அடுத்தவர் உழைப்பை இலவசமாக வாங்குவதுதான் எனக்குப் பிரச்சினை.

இரத்தமும் சதையுமாகத் தெறிக்கும் 'டெரிஃபையர்' வரிசையும் அப்படித்தான். இரண்டாம் பாகம் (2022) சுமார் இரண்டரை இலட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு ரசிகர்களிடம் இணையத்தில் திரட்டிய பணம். கேட்டது 50,000 டாலர், வந்தது அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். இருபது இலட்சம் டாலரில் எடுத்த மூன்றாம் பாகம் 2024 அக்டோபரில் வெளியாகி, ஏறத்தாழ நூறு மடங்கு செலவில் எடுத்த 'ஜோக்கர்' இரண்டாம் பாகத்தை அந்த வாரயிறுதி வசூலில் பின்னுக்குத் தள்ளியது. ஆனால் இயக்குநர் டேமியன் லியோன் இந்தப் படங்களில் கொலை செய்துகொண்டே வரும் கோமாளியை 2008-இல் எடுத்த குறும்படத்திலிருந்தே உருவாக்கிக்கொண்டு வருகிறார். ஒப்பனையும் செயற்கை உடல்களும் அவருடைய சொந்தக் கைத்தொழில். இந்தப் படங்கள் எனக்குப் பிடித்தவை என்று சொல்லமாட்டேன். இரண்டாம் பாகத்தின் இரண்டேகால் மணி நேரத்தில் முக்கால் மணி நேரத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். ஆனாலும் ரப்பரையும் சாயத்தையும் வைத்துக் கையால் செய்த வேலை என்பது திரையில் தெரிகிறது, அதற்கு ஒரு மரியாதை உண்டு.

இனி என் கதை. படத்தின் பெயரையோ ஊரையோ சொல்லப் போவதில்லை. ஒரு பழைய ஓட்டு வீட்டில், இரவு நேரங்களில், நண்பர்கள் சேர்ந்து எடுத்த பேய்ப் படம். படப்பிடிப்பில் ஒலிப்பதிவாளர் கிடையாது; கேமராவோடு வந்த மைக்கே போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் கைக்கு வந்தபோது ஒவ்வொரு காட்சியிலும் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது, தெருநாய்கள் குரைத்தன, நள்ளிரவு என்று வசனம் சொல்லும் இடத்தில் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. வசனம் முழுவதையும் டப்பிங்கில் திரும்பப் பேசவைத்துவிடலாம், நம் ஊரில் அது புதிதில்லை. ஆனால் டப்பிங் குரலுக்குப் பின்னால் ஓர் அறை வேண்டும். ஆள் பேசாதபோது அந்த அறை எப்படி ஒலிக்கிறது என்பதைத் தனியாக அரை நிமிடமாவது பதிவு செய்துவைப்பார்கள். ரூம் டோன் என்போம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வசனத்துக்கு இடையிலும் ஒலி செத்துப்போகும். பேய்ப் படத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை, ஏனென்றால் பார்ப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது அந்த இடைவெளிகளில்தான்.

எனவே ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி அந்த வீட்டுக்கு நானே போனேன். கூடத்திலும் அடுப்படியிலும் மச்சிலும் மைக்கை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காவலுக்கு இருந்த பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, சத்தமே இல்லையே, என்னத்தப் புடிக்கிறீங்க?" என்று கேட்டார். அதைத்தான் பிடிக்கிறேன் என்றேன். பிறகு வீட்டில் சன்னலை மெத்தையால் அடைத்து, அக்கினி நட்சத்திரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, எதிர்வீட்டு மிக்சி ஓயும் நேரம் பார்த்து ஃபோலி வேலை செய்தேன், அதாவது காட்சிக்கு வேண்டிய சிறு சத்தங்களைக் கையால் உண்டாக்கிப் பதிவு செய்தேன். மச்சில் ஏதோ ஒன்று இழுபட்டுக்கொண்டு நகர வேண்டும். அது மனித உடல் என்றும் தெரியக்கூடாது, இல்லை என்றும் தெரியக்கூடாது. மணலை இழுத்துப் பார்த்தேன், தலையணையை இழுத்துப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் ஒரு சணல் சாக்கில் புளியங்கொட்டையைப் பாதியளவு நிரப்பி, சாக்கை நனைத்து, பழைய பலகைக் கட்டிலின் மேல் மெதுவாக இழுத்தேன். ஈரச்சாக்கு பலகையில் ஒட்டிப் பிடிக்கும். விடுபட்டு நகரும்போது உள்ளேயிருக்கும் கொட்டைகள் அரைக் கணம் பிந்தி ஒரு பக்கமாகச் சரியும். அந்த அரைக் கணப் பிந்தலில் உயிர் இருந்தது. படம் வந்த சில நாட்களில் அதைப் பற்றி எழுதிய எல்லோரும் மச்சுக் காட்சியைத்தான் எழுதினார்கள். திரையில் அந்தக் காட்சியில் இருப்பது ஓர் இருட்டுப் படிக்கட்டு மட்டுமே.

பத்திரிகையாளர் சந்திப்பில் இயக்குநர் மேடையேறி, எத்தனை குறைவான இலட்சத்தில் படத்தை முடித்தோம் என்று சொல்லிவிட்டு, "சவுண்டுக்குன்னு தனியா ஒரு ரூபாய்கூட செலவு பண்ணலை" என்றார். கைதட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பிறகு கேட்டபோது, "அண்ணே, அது சும்மா பப்ளிசிட்டிக்குச் சொன்னது" என்று தோளைத் தட்டினார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. இலாபத்தில் பங்கு என்று வாட்ஸ்அப்பில் பேசியிருந்தோம். சில ஊர்களில் காலைக் காட்சியாக மட்டும் ஓடிய படத்தில் இலாபம் என்ற ஒன்று வந்ததா என்பதை எனக்குக் காட்ட எந்தக் கணக்கும் இல்லை.

பணத்துக்காகத்தான் இவ்வளவு புலம்பலா என்று யாராவது கேட்கலாம். ஆம், பணத்துக்காகவும்தான்; வீட்டு வாடகையை ரசிகர்களின் பாராட்டால் கட்ட முடியாது. புதியவர்களின் ஊக்கத்தைக் கெடுக்கிறேன் என்றும் சிலர் சொல்லக்கூடும். இல்லை. சிறு படங்கள் வராவிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க இடமே இருக்காது. பெரிய படங்களில் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்களே தவிர, சத்தமில்லாமையைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

இதோடு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. ஒலிகளைச் சேர்த்துக் கலக்கும் கலவைக்கூடத்தில் நாங்கள் ஃபேடரை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டை, 7-இல் வைத்துத்தான் ஒலியளவைத் தீர்மானிக்கிறோம். திரையரங்கிலும் அது 7-இல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பெரிய படங்களின் இரைச்சலைப் பற்றிப் புகார் வருவதால் பல அரங்குகளில் அதை 5-க்கும் கீழே இறக்கிவைத்துவிட்டு, எந்தப் படம் வந்தாலும் தொடுவதில்லை. அடிதடிப் படம் அதைத் தாங்கிக்கொள்ளும். மச்சில் இழுபடும் ஈரச்சாக்கு தாங்காது. உங்கள் படம் திரைக்கு வரும் நாளில் ஒவ்வோர் அரங்கின் ஆபரேட்டரையும் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள், கெஞ்சுங்கள்.

பார்த்துக் கற்க எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் நிலைமைக்கு மிக அருகில் இருப்பது 2024-இல் கரி பார்க்கர் யூடியூபில் இலவசமாகவே வெளியிட்ட 'மில்க் அண்ட் சீரியல்'. ஒரு மணி நேரப் படம், செலவு 800 டாலர் என்கிறார்கள். கேலிக் காணொளி எடுக்கும் இரு நண்பர்களைப் பற்றிய கதையில், இணையத்தில் நகைச்சுவைக் காணொளி எடுத்துப் பழகிய இரு நண்பர்களே நடித்தார்கள். தெரிந்த உலகத்தைவிட்டு அவர்கள் வெளியே போகவே இல்லை. அவருடைய அடுத்த படமான 'அப்செஷன்' 2025-இல் டொராண்டோ விழாவின் நள்ளிரவுப் பிரிவில் திரையிடப்பட்டு, ஒரு கோடி டாலருக்கும் மேலான விலைக்கு விற்பனையானது. அதற்கடுத்து, ஊரடங்கின்போது முழுவதும் ஜூம் அழைப்பாகவே எடுக்கப்பட்ட 'ஹோஸ்ட்' (2020). நடிகர்கள் அவரவர் வீட்டில் தாங்களே விளக்கு வைத்து, கேமரா வைத்து, சில தந்திரக் காட்சிகளையும் தாங்களே செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஜப்பானின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) புதியதல்ல என்றாலும் அதை விடாதீர்கள். நடிப்புப் பட்டறை மாணவர்களை வைத்து முப்பது இலட்சம் யென்னில் எடுத்த படம். முதல் 37 நிமிடம் ஒரே ஷாட்டாக ஓடும்போது ஏதோ சொதப்பலாகத் தோன்றும், எழுந்து போய்விடாதீர்கள். படத்தின் கடைசிப் பகுதி முழுவதும் அந்தச் சொதப்பல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யார் எப்படி ஓடியாடி உழைத்தார்கள் என்பதுதான், அதனால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று.

'ஸ்கினாமரிங்க்' படத்தைக் கடைசியாக, இரவில், ஹெட்ஃபோனோடு பாருங்கள். முதல் அரைமணி நேரம் பொறுமையைச் சோதிக்கும். உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம், பிடிக்காதவர்கள் ஏராளம். ஆனால் பழைய பிலிம் சுருளின் இரைச்சலை முழுப் படத்துக்கும் அடியில் விரித்திருப்பதால், எங்கேயாவது அது மாறும்போது நம் உடம்பு முதலில் விறைக்கிறது, காரணம் பிறகுதான் புரிகிறது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தில் பேய் வருமுன் எழும் அந்தத் தாழ்ந்த உறுமலும் இதே வேலையைத்தான் செய்தது.

பார்த்து முடித்தபின், செலவுக் கணக்கை எழுதும் தாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம் போடுங்கள்: சந்தையில் அவர் வாங்கும் சம்பளம் ஒன்று, நீங்கள் இப்போது கொடுப்பது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எப்போது, எந்த வருமானத்திலிருந்து கொடுப்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கேமராவில் மிச்சம் பிடித்தாவது படப்பிடிப்புக்கு ஓர் ஒலிப்பதிவாளரை வைத்துக்கொள்ளுங்கள். மங்கலான படத்தைப் பாணி என்று சொல்லித் தப்பிக்கலாம், கேட்காத வசனத்தை அப்படிச் சொல்ல முடியாது. வீடு அமைந்ததும் எனக்கு எழுதுங்கள், வந்து அறைகளைக் கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு மட்டும் காசு வேண்டாம், பேருந்துக் கட்டணம் போதும்.