72 வயது அப்பாவுக்கு நாள்பட்ட இடுப்பு வலி. விஆர் ஹெட்செட் மாட்டி உடற்பயிற்சி செய்ய வைத்தால் பலன் இருக்குமா?

என் அம்மாவுக்கு 69 வயது, ஆறு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேன் பார்த்த டாக்டர் "வயசுக்கு ஏத்த தேய்மானம்தான், தாராளமா குனிஞ்சு நிமிரலாம்" என்று சொல்லிவிட்டார். அம்மா கேட்டால்தானே! கீழே விழுந்த ஸ்பூனை எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். வீட்டுக்கு வந்த பிசியோ இரண்டாம் நாளே சொன்னார்: "வலியைவிட பயம்தான் சார் அதிகம்."

அந்தப் பயத்துக்கு விஆர் (மெய்நிகர் காட்சி: கண்ணில் மாட்டும் ஹெட்செட்டுக்குள் நிஜம்போலத் தெரிவது) உதவியது. வலிக்கு உதவியதா என்றால், நேரடியாக இல்லை.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். 2021 நவம்பரில் அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவச் சாதனங்களுக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு விஆர் சாதனத்தை அனுமதித்தது. அதைக் காட்டித்தான் பலரும் பேசுகிறார்கள். ஆனால் அது உடற்பயிற்சியே இல்லை. எட்டு வாரம், தினமும் சில நிமிடம் மூச்சுப் பயிற்சியும் மனதைப் பழக்குவதும்தான். குனிந்து நிமிர வைக்கும் விளையாட்டுகள் வேறு வகை.

என்னை யோசிக்க வைத்தது 2015இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. கழுத்து வலி உள்ள 24 பேருக்கு ஹெட்செட் மாட்டி, வலி தொடங்கும் வரை தலையைத் திருப்பச் சொன்னார்கள். காட்சியில் மட்டும் ஒரு சின்ன ஏமாற்று. திரும்பியதைவிடக் குறைவாகத் திரும்பியதுபோலக் காட்டியபோது, வலியில்லாமல் 6% கூடுதலாகத் திருப்ப முடிந்தது. அதிகமாகக் காட்டியபோது 7% முன்னதாகவே வலி வந்துவிட்டது. கழுத்து என்னவோ அதே கழுத்துதான். இதை ஆர்வமாக அம்மாவிடம் சொல்லப்போய், "அப்ப என் வலி பொய்ங்கிறியா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. வலி நிஜம்தான், ஆபத்து என்று மூளை நினைக்க நினைக்க அது கூடும், அவ்வளவுதான். அப்பாவிடம் பார்த்துச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இடுப்பு வலிக்காரர்களை மெய்நிகர் பந்தாட்டம் ஆடவைத்தும் பார்த்திருக்கிறார்கள். பந்துக்கு ஏற்றபடி குனிந்தாக வேண்டும். ஆடும்போது நன்றாகவே குனிந்தார்கள், வலியும் கூடவில்லை. ஆனால் அந்தச் சில நாள் ஆட்டத்தால் வலி குறைந்துவிடவும் இல்லை.

எங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதை. அக்கா மகனிடம் இரவல் வாங்கிய ஹெட்செட், பலூன் உடைக்கும் ஆட்டம். நான்காம் நாள் முழங்கால் உயரத்துக்கு வந்த பலூனை அம்மா சட்டென்று குனிந்து தட்டினார். கழற்றியதும் கேட்டால் "நான் எங்கடா குனிஞ்சேன்?" என்கிறார். போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினேன். மூன்று முறை போட்டுப் பார்த்தார். என்னைக் கேட்டால் அந்த வீடியோதான் மருந்து. மறுநாளிலிருந்து பிசியோ, ஹெட்செட் இல்லாமலே, ஸ்பூனை ஒரு ஸ்டூல்மேல் வைத்து எடுக்கச் சொன்னார். அப்புறம் அதைவிடக் குள்ளமான ஸ்டூல், பிறகு மணைக்கட்டை.

இப்போது ஜாக்கிரதை விஷயம். ஆட்டத்துக்குள் ஒரு மேசை தெரிந்தது, அம்மா அதன்மேல் கை ஊன்றப் போனார். இல்லாத மேசை! பின்னால் நின்றிருந்ததால் பிடித்தேன். வயதானவர்கள் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும், வலியெல்லாம் அப்புறம் சின்ன விஷயமாகிவிடும். அதனால் முதல் சில வாரம் சக்கரமில்லாத நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம். ஐந்து நிமிடம் போதும். ஹெட்செட் அரை கிலோ இருக்கும், கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அதுவே புது வலி. காட்சி தானாக நகரும் ஆட்டம் வேண்டாம்: கண் நகர்கிறோம் என்று சொல்லும், உடம்பின் அசைவை உணரும் உள்காது இல்லை என்று சொல்லும், கடைசியில் குமட்டும். தலைசுற்றல், வலிப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம்.

உடனே காசு போட்டு வாங்காதீர்கள், யாரிடமாவது இரவல் கிடைக்கிறதா பாருங்கள். எங்களுக்குத் தேவைப்பட்டதே ஆறு வாரம்தான். அம்மாவுக்கு இப்போதும் ராத்திரி தைலம் வேண்டும். ஸ்பூனை மட்டும் அவரே எடுத்துக்கொள்கிறார்.