மறுவாழ்வு இல்லத்துக்கு கேக் கொண்டுபோகலாமா?

கேள்வி: எங்கள் சபை வாலிபர் குழு கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு குடி மறுவாழ்வு இல்லத்துக்குப் போகிறது. பாட்டு, ஜெபம், கேக் என்று திட்டம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: முதலில் அந்தக் கேக்கைப் பாருங்கம்மா. ரம்மில் ஊறிய பழம் போட்ட பிளம் கேக் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் அங்கே குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கலாம், அவர்கள் உடம்பில் கொஞ்சம் ஆல்கஹால் போனாலும் முகம் சிவந்து வாந்தியும் படபடப்பும் வரும். திருவிருந்து உண்டென்றால் புளிக்காத திராட்சைச் சாறு போதும்.

போட்டோ எடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயாளிகளின் அந்தரங்கத்துக்கும் பாதுகாப்பு தருகிறது, அதோடு ஊரில் ஒருவர் பார்த்தாலே அவர் பிள்ளைகளுக்குச் சங்கடம். சாட்சி சொல்லச் சொல்லி யாரையும் எழுப்பவும் வேண்டாம், அவர்களாகப் பேசினால் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்: "ஜெபம் போதும், மாத்திரையை விடு" என்று உங்கள் குழுவில் ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்புகூட வரலாம், மருந்து உயிரைக் காக்கிறது. ஜெபியுங்கள், தாராளமாக, மருந்தும் நடக்கட்டும்.

வீட்டில் தவிக்கிற மனைவிமார் யாராவது கேட்டால் 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணைக் கொடுங்கள்.