தோட்டக்காரர் பதில்கள்: மழைக்குப் பின் மஞ்சளிக்கும் செடிகள்

கேள்வி: ஐயா, ஹெசரகட்டா பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன். செம்பருத்தி, ரோஜா எல்லாம் செம்மண்ணும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்த பைகளில் இருக்கின்றன. பெருமழை பெய்தால் சில நாளில் அடியிலைகள் மஞ்சளிக்கின்றன. யூரியா போட்டால் தேறுகின்றன. அடுத்த மழைக்கு மறுபடி அதே கதை. இதற்கிடையில் எங்கள் போர்வெல் நீரில் லிட்டருக்கு 68 மில்லிகிராம் நைட்ரேட் என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: உண்டு அம்மா. ஆனால் பழி முழுவதும் உங்கள் பைகளுக்கு மட்டும் உரியதல்ல. பாதாளச் சாக்கடை வராத லேஅவுட்டுகளின் கழிவுநீர்க் குழிகளும் இதே நைட்ரேட்டைத்தான் நிலத்தடிக்கு இறக்குகின்றன.

அடியிலை மஞ்சளிப்பது தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவதால்; அதைத் தருவதுதான் யூரியா. யூரியா மண்ணில் சில நாளில் அம்மோனியமாகி, பிறகு நைட்ரேட்டாக மாறும். அம்மோனியம் மண்ணைப் பற்றிக்கொள்ளும். நைட்ரேட்டும் மண் துகளும் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் ஒட்டாது. நீர் போகும் வழியிலேயே போய்விடும். யூரியா போட்ட அன்றே மழை கொட்டினால் மாறுவதற்குக்கூட அவகாசமில்லை, அப்படியே கரைந்து இறங்கும்.

ஆகவே முதலில் நீரைக் கவனியுங்கள். ஒரு பையைத் தட்டின் மேல் நிறுத்தி அரை லிட்டர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தட்டில் 50 முதல் 75 மில்லிவரை இருந்தால் சரி. 200 மில்லி இருந்தால், உரத்துக்குக் கொடுத்த காசு அந்தத் தட்டில்தான் கிடக்கிறது. ஹோஸ் பிடிப்பவர் கைபேசியில் பேசிக்கொண்டே நீர் விட்டால் லாபம் உரக்கடைக்காரருக்கே!

வானம் கறுத்திருக்கும்போது யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். ஒரேயடியாகப் போடாமல் சிறுகச் சிறுகப் பிரித்துக் கொடுங்கள். கட்டுப்படியானால், மெதுவாகக் கரையும், பூச்சிட்ட உரக் குருணையை மண் கலவையிலேயே சேர்த்துவிடுவதே மழைக்காலத்துக்கு என் தேர்வு. இன்னொன்று: உங்கள் போர்வெல் நீரே ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 15 கிராம் தழைச்சத்து தருகிறது. அது 33 கிராம் யூரியாவுக்குச் சமம். அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

கொழுந்து மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. அதற்கு யூரியா உதவாது.

குடிநீரில் நைட்ரேட்டுக்கு நம் நாட்டு வரம்பு 45 மில்லிகிராம். உங்கள் நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, பால்மாவு கலக்கவும் கூடாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். நீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.