மகன் பேசினால் கேட்கிறது, மருமகள் பேசினால் கேட்கவில்லையா?

கேள்வி: என் மாமனாருக்கு 72 வயது. மாமியார் இறந்தபின் மூன்று வருடமாக எங்களுடன் இருக்கிறார். நான் எது சொன்னாலும் "சரி சரி" என்பார், ஆனால் செய்யமாட்டார். கத்தரிக்காய் வாங்கிவரச் சொன்னால் கொத்தவரங்காயோடு வருவார். கேட்டால், "நீ அப்படியா சொன்ன?" என்பார். சத்தமாகச் சொன்னால், "எதுக்கு இப்படிக் கத்தற?" என்று கோபப்படுவார். என் கணவர் பேசினால் மட்டும் ஒழுங்காகப் பதில் வருகிறது. "எங்கிட்ட நல்லாத்தானே பேசறாரு" என்கிறார் கணவர். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், "மருமக என்கூடப் பேசறதே இல்ல" என்று மாமனார் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எதுவானாலும் என் ஏழு வயது மகளிடம் சொல்லித்தான் அனுப்புகிறேன். வேண்டுமென்றே அவமதிக்கும் ஒருவரிடம் எப்படிப் பேசுவது?
- வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் "வேண்டுமென்றே" என்ற முடிவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும், கணவர் விஷயம்கூட, வயதால் காது மந்தமாவதோடு அப்படியே பொருந்துகிறது. பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. வெறும் காதழுக்கு அடைப்பாகக்கூட இருக்கலாம். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய காதை, மனதை அல்ல.

வயதாகும்போது எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. கீச்சென்ற, மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை நன்றாகவே கேட்கும். க, ச, த, ப போன்றவை நொடிப்பொழுதில் வந்துபோகும் மெல்லிய ஒலிகள், அவைதான் தவறிப்போகும். பட்டு, கட்டு, தட்டு மூன்றும் அவருக்கு ஒன்றுபோலவே கேட்கலாம். அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் "காது கேட்கலை" என்று சொல்வதில்லை. சத்தம் கேட்கிறது, சொல்தான் பிடிபடவில்லை. "எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க" என்பார்கள். விட்டுப்போனதை ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். கத்தரிக்காய் கொத்தவரங்காய் ஆனது அப்படித்தான் இருக்கும்.

பொதுவாக ஆண் குரல் கனமானது, பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் மெல்லியவை. உங்கள் கணவர் ஹாலில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பேசுவார். நீங்கள் அடுப்படியில் இருந்து, மிக்சி ஓடும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வீர்கள். வேலை அப்படி. ஒரே வீட்டில் மகனுக்குக் கேட்கும் அப்பாவும் மருமகளுக்குக் கேட்காத மாமனாரும் ஒரே ஆளாக இருக்க இதுவே போதும். மகளிடம் சொல்லி அனுப்புவதும் உதவாது. அவர் காதுக்கு இருப்பதிலேயே கடினமான குரல் அந்தக் குழந்தையுடையதாக இருக்கலாம். பெரியவர்கள் மனத்தாங்கலைச் சுமக்கும் வேலையும் அவளுக்கு வேண்டாம். அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கத்தினால் கோபம் வருவதற்கும் காரணம் உண்டு. உள்காதில் உள்ள நுண்ணிய முடிச் செல்கள் தேய்ந்தவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்கவே கேட்காது. சத்தம் ஓரளவு தாண்டியதும் திடீரென்று காதைக் குத்தும். நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதனால் உரக்கப் பேசாதீர்கள், நிதானமாகப் பேசுங்கள்.

1948-ல் தகவல் தொடர்பைப் பற்றி எழுதிய கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், அனுப்புபவர், பெறுபவர், இடையில் உள்ள வழி இவற்றோடு இரைச்சலையும் ஒரு பகுதியாகவே சேர்த்தார். அவர் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கணக்கில் செய்தி அனுப்பப்பட்டதும் போய்ச் சேர்ந்ததும் வேறு வேறு. நீங்களோ மூன்று வருடமாக, சொன்ன எல்லாமே போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, மிச்சத்தை அவர் குணத்தின் தலையில் போட்டிருக்கிறீர்கள். அவரும் தன் பக்கத்தில் இருந்து அதையேதான் செய்கிறார்: தனக்குக் கேட்காததை, நீங்கள் பேசாததாக எடுத்துக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டில் அவர் சொன்னதை அந்தக் கோணத்தில் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இனி எப்படிப் பேசுவது? முதலில் "மாமா" என்று கூப்பிட்டு அவர் திரும்பும்வரை பொறுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, டிவியையும் மிக்சியையும் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். உதட்டைப் பார்த்தாலே பாதி புரியும். ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் அதையே நாலு தடவை சொல்லாமல், வேறு சொற்களில் சொல்லுங்கள்: "எண்ணெய்க் குழம்பு வைக்க, ஊதாக் கலர்ல இருக்குமே மாமா." மணி, நாள், மருந்து எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

"கேட்டுதுங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்படுபவர் "சரி" என்றுதான் சொல்வார். விமானி, கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தையும் ஓடுபாதை எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டும், தவறிருந்தால் அங்கேயே திருத்துவார்கள். வீட்டில் அதை இயல்பாகச் செய்யலாம்: "அப்போ பாப்பாவைக் கூப்பிட எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க, மாமா?"

காதில்தான் குறை என்று தெரிந்தாலும் உங்களுக்குள் இருக்கும் வலி தானாகப் போய்விடாது. கல்யாண வீட்டுப் பேச்சை, ஆறியபின், எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "நீங்க அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு மாமா. நான் பேசறது உங்களுக்குக் கேட்காம இருந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல." காது நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு வந்தாலும் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்தப் பதிலைக் கணவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் முதல் வேலை அவருடையது. "உனக்குக் காது கேட்கலை" என்று ஆரம்பித்தால் அப்பா வரமாட்டார். பிரஷர், சுகர் பார்க்கப் போகும் நாளில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டிவிடலாம் என்று அழைத்துப் போகட்டும். அழுக்கு இருந்தால் எடுத்துவிட்டுக் கேட்கும் திறனைச் சோதிப்பார்கள், வலி எதுவும் இருக்காது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், மாற்றக்கூடிய காரணிகளில் கேட்காத காதையும் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் சேர்த்திருக்கிறது என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். காது கேட்கும் கருவி எழுதிக் கொடுத்தால், முதல் சில வாரம் தட்டு வைக்கும் சத்தம்கூட அப்பாவுக்குப் பெரிதாகக் கேட்கும். கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடப் பார்ப்பார். அமைதியான நேரத்தில், கொஞ்ச நேரமாகத் தொடங்கி, தினமும் கணவரே போட்டுவிட்டுப் பழக்கட்டும்.