டர்போவை இன்ஜினை விட்டுத் தள்ளி, காரின் பின்பக்கம் மாட்டினால் லாபமா, நஷ்டமா?

உங்கள் 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். டர்போ என்பது, எக்ஸாஸ்ட் வாயுவால் டர்பைன் சக்கரம் சுழல, அதோடு இணைந்த கம்ப்ரஸர் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. ஷார்ஜாவில் ஒரு கராஜில் சில வருடம் வேலை பார்த்தேன். ஒரு நாள் கமாரோ என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, பழையது, வந்தது. 5.7 லிட்டர் வி8, அதாவது வி வடிவில் இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டு சிலிண்டர். நீல நிறத்தில் புகை விடுகிறது என்று புகார். பானெட்டைத் திறந்தால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே எல்லாம் இருக்கிறது, டர்போ இருப்பதற்கான அடையாளமே இல்லை. லிஃப்டில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது: பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில், நத்தைக்கூடு மாதிரி அது தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காருக்கு அது முட்டாள்தனம் இல்லை. அதன் இன்ஜினில் பாதி, முன் கண்ணாடிக்கு அடியில் போய் ஒளிந்திருக்கும். அங்கே டர்போ வைக்க வேண்டுமென்றால் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் எக்ஸாஸ்டைச் சேர்க்கும் குழாய்) புதிதாகச் செய்ய வேண்டும், இரண்டு பக்கத்து எக்ஸாஸ்டையும் இணைக்கக் குழாயை எங்கெங்கோ வளைக்க வேண்டும். பின்னாலோ இரண்டும் ஏற்கெனவே ஒரே குழாயாகச் சேர்ந்துதான் வருகின்றன. சைலன்சரைக் கழற்று, டர்போவை மாட்டு. டர்பைனே சத்தத்தில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். அமெரிக்காவில் ஸ்கொயர்ஸ் டர்போ சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி இந்த மாதிரி கார்களுக்கு இதையே கிட்டாக விற்றுப் பிரபலமாக்கியது.

பானெட்டுக்குள் சூடு ஏறாது என்பதும் பெரிய லாபம். வளைகுடா வெயிலில் அதன் அருமை தெரியும். அழுத்தப்பட்ட காற்று நீளமான குழாயில் வரும்போது கொஞ்சம் ஆறும் என்பதும் உண்மை. ஆனால் அதனால் அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலரே வேண்டாம் என்பவர்களை நம்ப வேண்டாம். ஐந்து, ஆறு பிஎஸ்ஐ (சுமார் 0.4 பார்) பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், வரை அது இல்லாமல் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

சரி, நஷ்டம். எல்லோரும் முதலில் சொல்வது லேக், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதித்த பிறகு பூஸ்ட் வர ஆகும் தாமதம். அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று வருவது இரண்டரை அங்குலக் குழாய், 4 மீட்டர் நீளம் என்றால் உள்ளே ஏறக்குறைய 12 லிட்டர் இடம். அதில் 0.4 பார் பூஸ்ட் ஏற, கூடுதலாக 5 லிட்டர் காற்று அடைக்க வேண்டும். 5.7 லிட்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு சுமார் 140 லிட்டர் காற்றை இழுக்கும். இன்ஜின் இழுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கம்ப்ரஸர் கூடுதலாகத் தள்ளுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், குழாய் நிரம்ப 0.2 வினாடிகூட ஆகாது. அதே குழாயை நீங்கள் கேட்ட 1.2 லிட்டர் காரில் போடுங்கள். 2000 ஆர்பிஎம்மில் அது இழுப்பதே வினாடிக்கு 20 லிட்டர்தான். அதே கணக்கில் குழாய் நிரம்பவே ஒன்றேகால் வினாடி. டர்பைன் வேகம் பிடிக்கும் நேரம் இதில் சேராது. சிறிய குழாய் போட்டால் கொஞ்சம் குறையும், ஆனால் லாரியை ஓவர்டேக் செய்யும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்கும் அந்த ஒரு வினாடி ரொம்ப நீளம்.

அடுத்தது சூடு. எக்ஸாஸ்ட் 850 டிகிரியில் கிளம்பி, பின்னால் வரும்போது 550 ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே அழுத்த விகிதத்தில் டர்பைனுக்குக் கிடைக்கும் சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். வாயு ஆறிச் சுருங்கியிருப்பதால் சின்ன டர்பைன் கூடு போட்டுச் சமாளிப்பார்கள். குறைந்த சக்தியை மீட்க இன்னும் சின்னதாக்கினால், எக்ஸாஸ்ட் எளிதாக வெளியேற முடியாமல் இன்ஜினின் முதுகில் அழுத்தம் ஏறும். கார் கம்பெனிகள் நேர் எதிர்த்திசையில் போவதற்கு இதுவும் ஒரு காரணம். 2008-இல் வந்த பிஎம்டபிள்யூ என்63 இன்ஜினில் டர்போக்களைக் கொண்டுபோய் வி வடிவத்தின் நடுவிலேயே வைத்தார்கள்.

டர்போவைத் தள்ளி வைத்தும் ஜெயித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் பி-47 தண்டர்போல்ட் விமானத்தில் இன்ஜின் மூக்கில், டர்போ விமானியின் முதுகுக்குப் பின்னால் வால் பக்கத்தில். குழாய்கள் வயிற்றுக்கு அடியில் நீளமாகப் போகும். அது நன்றாகவே பறந்தது. ஆனால் அது 18 சிலிண்டர், 46 லிட்டர். தவிர, வானத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்ப வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் லேக்கைவிட மோசமான தலைவலி ஆயில்தான். டர்போவுக்கு இன்ஜின் ஆயில்தான் ஓடும். சாதாரணமாக டர்போ, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் என்ற தொட்டிக்கு மேலே இருக்கும், ஆயில் தானாகக் கீழே வடிந்துவிடும். பின்னால் இருப்பதோ சம்புக்குச் சமமாகவோ அதற்கும் கீழாகவோ தொங்கும். அதனால் வேலை முடித்த ஆயிலை முன்னால் திருப்பியனுப்ப ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப் வேண்டும். அந்த கமாரோவில் நடந்தது இதுதான். யாரோ வீட்டிலேயே சேர்த்து மாட்டிய செட். பம்புக்குப் போகும் ஒயர் எக்ஸாஸ்ட் குழாயில் உரசி, மேல்தோல் உருகி, ஃபியூஸ் போயிருந்தது. பம்ப் நின்றதும் ஆயில் போக வழியில்லாமல் டர்போவின் இரண்டு பக்க சீல் வழியாகவும் கசிந்திருக்கிறது. டர்போ காற்றிழுக்கும், பின் பம்பர் ஓரத்து ஏர் ஃபில்டரைப் பிழிந்தால் சொட்டும். காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன், த்ராட்டில் வரைக்கும் வழவழவென்று ஆயில். ஃபில்டரின் வெளிமடிப்பு முழுக்க மணல் வேறு.

புது ஒயரைக் குழாயை விட்டுத் தள்ளிக் கட்டினோம். பம்ப் நின்றால் டேஷ்போர்டில் எரிய ஒரு சிவப்பு விளக்கு வைத்தோம். இன்ஜினை அணைத்த பிறகும் பம்ப் கொஞ்ச நேரம் ஓட ஒரு டைமர் ரிலே. டர்போ பிழைத்தது.

உங்கள் 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு? செய்யாதீர்கள். நம் ஊர் வேகத்தடையில் முதலில் இடிபடுவது டர்போவாகத்தான் இருக்கும், ஒரு மழைக்கு ரோட்டில் தேங்குகிற தண்ணீர் ஃபில்டர் உயரத்துக்கு வந்துவிடும். செலவழிக்கப் பணம் இருந்தால், கம்பெனியே டர்போ வைத்துக் கொடுத்த 1.0 லிட்டர் கார் ஒன்றை செகண்ட்ஹேண்டில் தேடுங்கள். பெரிய வி8 வைத்திருந்து, முன்னால் இடமே இல்லை என்றால் மட்டும் பின்னால் யோசிக்கலாம். அப்போதும் டர்போவின் பிராண்டைக் கேட்பதற்கு முன் அந்த ஆயில் பம்பின் பிராண்டைக் கேளுங்கள்.